கதவுக்குப் பின்னால் ஒட்டிய சட்டம்

மையின் நிறத்தைத்தான் நான் முதலில் கவனித்தேன். சம்பள நாளில் டைம்கீப்பர் மேஜைமேல் விரித்து வைக்கும் ஆள் பதிவேட்டில் ஆண்களின் பெயர்கள் கருத்திருந்தன, பெண்களின் பெயர்கள் மட்டும் நீலமாக இருந்தன. மில்லில் வாங்கும் மை எழுதும்போது நீலமாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். மற்றவர்கள் யாரும் இதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்கள் தலை நிமிர்ந்து நின்று, ரேகைக்கு விரலை உருட்டிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குக் கூச்சம். ஆம்பிளைகள் முன்னால் நின்றால் என் கண் தானாகக் கீழே போய்விடும். மேஜை இருந்தால் மேஜைக்குப் போகும். என்னோடு வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் இரண்டு மூன்று வருஷமாக அங்கே இருப்பவர்கள். அவர்கள் பெயர் மட்டும் எப்படி நேற்று எழுதியதுபோல இருக்கும் என்று அன்று நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

கண்ணு, நீ பிறந்து நாலு வாரம் முடிகிறது. மேலே தூளியில் தூங்குகிறாய், நான் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு நான் மில்லுக்குப் போக வேண்டும். இதை நீ படிக்கும்போது இப்போதைய என்னைவிட வயதில் மூத்தவனாக இருப்பாய், ஏனென்றால் எனக்கு இப்போது பத்தொன்பதுதான். ஒரு சின்னப் பெண் உனக்குப் புத்தி சொல்கிறாள் என்று வேண்டுமானால் சிரித்துக்கொள். நேரில் என்னால் சொல்ல முடியாது. நீ மீசை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றால், என் வயிற்றில் பிறந்த பிள்ளைதான் என்றாலும், நான் அடுப்பைப் பார்த்துத்தான் பேசுவேன். எழுத்தில் எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதனால் நாளைக்கு நான் செய்யப்போவதற்கு என்ன காரணம் என்பதை இன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பூமி அன்னூர்ப் பக்கம் இருந்தது. நாலு வீட்டுக்குப் பொதுவான கிணறு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும் முறை. என் அப்பா எவ்வளவு காய்ந்தாலும் அடுத்தவன் முறை நாளில் மாட்டைக் கிணற்றடிக்கு ஓட்ட மாட்டார். அந்த முறையை யாரும் எழுதி வைக்கவில்லை, எந்தப் போலீசும் அதற்கு வந்ததில்லை. அதே அப்பா, ரோட்டோரம் இருந்த சர்க்கார் புளியமரங்களில் வருஷா வருஷம் ஒரு சாக்குப் புளி உலுக்கிக்கொண்டு வருவார். அதை ஏலம் எடுத்தவன் வேறு, தொட்டால் குற்றம் என்று பலகையே இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பலகையை வாசித்துவிட்டு வந்து நான் கேட்டேன். "அவன் கோயமுத்தூருல இருக்கறான் கண்ணு, புளி இங்க இருக்குது" என்றார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மில்லுக்கு வந்த பிறகுதான் அதில் இருந்த கணக்குப் புரிந்தது. கிணற்று முறையை மீறினால் அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரன் நம் முறையில் மாட்டை ஓட்டுவான். புளிக்கு எவனும் வரமாட்டான். வந்தாலும் ஒரு சொம்பு மோரோடு போய்விடுவான். என் அப்பா நல்லவரா கெட்டவரா என்பதற்கு அதில் வேலையே இல்லை.

பருத்தி விலை விழுந்த வருஷம் பூமி கைவிட்டுப் போனது. நாங்கள் கோயமுத்தூரை ஒட்டி இருக்கும் கணபதிக்குக் குடிவந்தோம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பதினாலு வயதில் மில்லில் ரீலிங் பகுதியில் சேர்ந்தேன். கதிரில் இருக்கும் நூலைப் பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்றுவது அங்கே வேலை, அங்கே முழுக்கப் பெண்கள்தான். சேர்ந்த முதல் மாதமே ஓடும் நூல் என் கட்டை விரலை அறுத்தது. எலும்பு தெரிந்தது. காயம் ஆறிய பிறகும் விரலின் நடுவில் குறுக்கே ஒரு வடு நின்றுவிட்டது. அந்த வடுவை நினைவில் வைத்துக்கொள்.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. பிள்ளை பெறும் பெண் ஒரே மில்லில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்திருந்தால், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் மில்லே அவளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்று நாலு வாரத்துக்குள் அவளை வேலைக்கு வைக்கவும் கூடாது. இந்தச் சட்டத்தைத் தமிழில் அச்சடித்து, ஆட்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும் என்பதும் சட்டம். ஒட்டினார்கள். பஞ்சுக் கிடங்கின் கதவுக்குப் பின்னால் ஒட்டினார்கள். பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும் கதவு அது. ஒரு நாள் மழைக்குக் கதவைச் சாத்தியபோது, பஞ்சுத் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு நான் அதைப் படித்தேன். மை ஏன் நீலமாகவே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எட்டு மாதம் ஆகும் முன்னால் ஒரு சனிக்கிழமை பெண்களின் பெயரை அடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை அதே பெண்கள் வேறு பெயரில் புது ஆட்களாகச் சேருவார்கள். கல்யாணம் ஆகும்வரை என் பெயரை மாற்றவில்லை, அதனால்தான் எனக்கு அது தெரியாமல் இருந்தது. எந்தப் பெண்ணும் எட்டு மாதத்தைத் தொடவே முடியாது.

இதில் என் பங்கைச் சொல்லவேண்டும். மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. புதுப் பெயர்களை அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். எனக்குப் படிக்கத் தெரியும் என்று டைம்கீப்பருக்குத் தெரிந்தது. "அம்மணி, நீ மத்தவங்க மாதிரி இல்ல, வெவரமான புள்ள. இந்தச் சீட்டுல இருக்கறத அவுங்களுக்குப் படிச்சுக் காட்டிப்போடு" என்றார். அதற்குக் கூலியாக என்னைத் தூசி பறக்கும் மூலையிலிருந்து ஜன்னலோரம் மாற்றினார். காற்று வரும் இடம் அது. ஜன்னல் காற்றுக்காக நான் அதைச் செய்தேன். பேசவே கூச்சப்படும் நான், திங்கட்கிழமை காலைகளில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பெயர்களை உரக்கப் படித்தேன்.

அந்தக் காலைகள் சிரிப்பாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். கருப்பாத்தாள் என்று ஒருத்தி, எனக்குப் பக்கத்து இடத்துக்காரி, வாய் ஓயாது. மில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வாள். "ஏனுங்க அம்மணி, நேத்து வரைக்கும் கருப்பாத்தா. இன்னைக்கு நா ஆருங்க?"

"சரஸ்வதிங்க அக்கா."

"அட சாமி! எனக்கு அனா ஆவன்னாகூடத் தெரியாதுங்களே. படிச்ச சாமி பேர வெச்சுப்போட்டா எந்தலைக்குள்ள எழுத்து வந்துருமாக்கும்?" எல்லாரும் சிரிப்பார்கள். இன்னொருத்தி சொல்வாள்: "உனக்காவது சாமி பேரு. எனக்கு டைம்கீப்பரு மாமியா பேர வெச்சுருக்கறாரு. பேரு தீந்துபோச்சாட்ட இருக்குது." அதற்கும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே கட்டை விரலில் மை தடவி, புதுப் பெயருக்குப் பக்கத்தில் உருட்டுவோம். பெண்களுக்கு எழுதத் தெரியாது என்று எல்லாருக்கும் விரல்தான். எனக்குத் தெரியும் என்று தெரிந்தும் டைம்கீப்பர் பேனாவைத் தரமாட்டார். "உனக்கெதுக்கு அம்மணி கையெழுத்து, நேரமாச்சு, வெரல வையி" என்பார்.

பிறகு கருப்பாத்தாளுக்குப் பேறுகாலம் வந்தது. யாரோ சொல்லி அவளும் அந்தப் பணத்தைக் கேள்விப்பட்டிருந்தாள். மேஜை முன்னால் போய் நின்றாள். டைம்கீப்பர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டிக் காட்டினார். "கருப்பாத்தாளா? அவ வேலைய உட்டு நின்னுபோட்டாளே. நீ சரஸ்வதி. வந்து அஞ்சு மாசங்கூட ஆவுல. நா என்ன செய்யட்டும், சட்டம் எட்டு மாசங்குது." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பெயரைப் படித்துக் காட்டியவள் நான், எழுத்துத் தெரிந்தவள் நான். நான் மேஜையைப் பார்த்தேன். பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். குழந்தை அழாமல் இருக்க, கடுகளவு அபின் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மட்டும் வெகு நேரம் ஆகும். நீ வளரும்போது அந்தப் பையன் இந்தத் தெருவில்தான் இருப்பான். அவனை யாராவது மந்தம் என்று கேலி செய்தால், அதில் உன் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்துகொள்.

நான் மணந்த உன் அப்பாவும் இதே மில்லுக்காரர்தான். அவர் பஞ்சு கொட்டும் பகுதியில் இருந்தார். நீ வயிற்றில் வந்தபோது நான் லட்சுமியாக இருந்தேன். ஐந்தாம் மாதம் மங்களம் ஆனேன். அந்தத் திங்கட்கிழமை விரலை உருட்டிவிட்டுக் கையை எடுத்தபோதுதான் தாளில் இருந்த குறியைப் பார்த்தேன். வளைவு வளைவான ரேகைகளின் நடுவில், அரிவாளால் வெட்டியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தக் கோடு கூடவே வரும். டைம்கீப்பர் வருஷக்கணக்கில் பெயர்களைப் பார்த்துப் பார்த்து மாற்றியவர், விரல்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் விரல்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

அந்தக் கோட்டைக் காட்டிப் பேறுகாலப் பணம் கேட்கப்போகிறேன் என்று வீட்டில் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "ஏம்புள்ள, ரெண்டு பேருத்தையும் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா என்ன செய்யறது? அந்தப் பணம் ரெண்டு மாசச் சோத்துக்கு ஆவும். வேலை போனா வருசச் சோறு போவும்."

"கருப்பாத்தா அக்கா பையனப் பார்த்தீங்களா?"

"பார்த்தனே."

"அப்பறம் என்னங்க."

அவர் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. அந்தக் கணக்கு சரியாக இருப்பதால்தான் மில் நடக்கிறது. மில்லுக்குச் சட்டத்தை மதிப்பது செலவு, மீறுவதில் செலவு இல்லை. எங்களுக்குப் பேசுவது செலவு, பேசாமல் இருப்பதில் அன்றன்றைய செலவு ஒன்றும் தெரியாது. ஒருத்தி பேசினால் நட்டம் அவளுக்கு மட்டும், லாபம் வந்தால் எல்லாருக்கும். அதனால் ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி பேசட்டும் என்று இருப்பாள். இது கோழைத்தனம் என்று நீ படித்துவிட்டு வந்து எங்களைப் பற்றிப் பேசாதே. நாங்கள் கோழைகள் என்றால், விசில் ஊதி ஒரு நிமிஷம் ஆனால் கேட்டை மூடிவிடுவார்கள் என்பதற்காக, மழையில் சேற்றில் வயிற்றுப் பிள்ளையோடு ஓடி வந்திருக்க மாட்டோம். அந்த விதியை நாங்கள் ஒரு நாளும் மீறியதில்லை. தண்டனை அன்றைக்கே, அந்த வாசலிலேயே இருந்தது.

மில்களைச் சோதிக்கும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வரும் நாள் மில்லுக்கு இரண்டு நாள் முன்னமே தெரிந்துவிடும். முற்றத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், குடிதண்ணீர்ப் பானை புதிதாக வரும். வயிறு தெரிகிற பெண்களை அன்றைக்கு வரவேண்டாம் என்பார்கள். எனக்கு எட்டாம் மாதம். என்னையும் வரவேண்டாம் என்று சொன்னார்கள். நான் போனேன். டைம்கீப்பர் மேஜையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து, "யாருக்காவது குறை உண்டா அம்மா?" என்று கேட்டார். நாங்கள் வரிசையாக நின்றோம். ரீலிங் சக்கரங்கள் நின்றிருந்ததால் யார் மூச்சு விட்டாலும் கேட்டது. என் கால் எப்படி நகர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"புது ஆளுங்க சார்" என்று டைம்கீப்பர் முந்திக்கொண்டார். "மங்களம்னு பேருங்க. மூணு மாசந்தான் ஆச்சு."

"அவளே சொல்லட்டும். உன் பேர் என்னம்மா?"

எனக்கு வாய் வரவில்லை. மைப்பெட்டியில் விரலைத் தொட்டு, பதிவேட்டின் ஓரத்தில், வெறும் இடத்தில் உருட்டினேன். பிறகு தாளைப் பின்னால் தள்ளி மங்களத்தைக் காட்டினேன். இன்னும் தள்ளி லட்சுமியைக் காட்டினேன். இன்னும் பின்னால், என் சொந்தப் பெயரைக் காட்டினேன். மூன்றிலும் அந்த வெள்ளைக் கோடு. இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் ஜன்னல் அது. திரும்பிப் பெண்களைப் பார்த்து, "வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். ஒருத்தியும் வரிசையை விட்டு முன்னால் வரவில்லை. கருப்பாத்தாள் தரையைப் பார்த்தாள்.

எனக்குப் பணம் வந்தது. அதில்தான் நாம் இந்த வாரங்கள் சாப்பிட்டோம். மில்லுக்கு அபராதம் போட்டார்கள். டைம்கீப்பர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம்: "மொதலாளி ஊட்டு விசேசத்துல வெத்தல பாக்குக்கு ஆவற காசுங்க இது." உன் அப்பாவை மூட்டை தூக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். கல்யாணமான பெண்களை இனிமேல் புதிதாகச் சேர்க்கப்போவதில்லை என்ற பேச்சும் வந்தது. கருப்பாத்தாள் நம் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி திட்டினாள். "உன்ற புள்ளைக்குப் பாலு வாங்கிப்போட்ட. எங்க வாயில மண்ணுப் போட்டுட்ட. நல்லா இரு அம்மணி!" நான் உள்ளேயே இருந்தேன். நான் செய்தது தப்பு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. போதவில்லை என்றுதான் தோன்றியது. ஒருத்தியை நிறுத்தினால் மில்லுக்கு ஒரு நாள் சிரமம். ரீலிங் முழுவதையும் நிறுத்தினால் நூல் கட்டாகி வண்டி ஏறாது. சட்டத்தை மீறுவதற்கு வெற்றிலை பாக்கு விலைதான் என்றால், அந்த விலையை ஏற்றவேண்டும். சர்க்கார் ஏற்றாவிட்டால் நாங்கள் ஏற்றவேண்டும்.

நீ பிறந்த பத்தாம் நாள் கருப்பாத்தாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து, உன்னைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "ஏன் அம்மணி, வெரலுக்குப் பதிலா எழுதிப்போட்டா அவுங்களால பேர மாத்த முடியாதில்ல?" என்றாள். முடியாதுங்க அக்கா, பெயரும் கையும் ஒன்றாகிவிடும் என்றேன். "அப்ப சொல்லிக் குடு. படிச்ச சாமி பேரு வேண்டாம். எங்கப்பன் வெச்ச பேரு." அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டினேன். 'ரு' அவளுக்கு வரவே இல்லை. "இதென்னங்க, பன்னிக்குட்டி வாலாட்டமா இருக்குது" என்று சிரித்துச் சிரித்து அழித்தாள். மூன்று நாள் கழித்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது நம் வீட்டுத் தரை முழுக்கக் கரி. உன் அப்பா மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போகிறார்.

நேற்று டைம்கீப்பர் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பழசை மறந்துபோடலாம், புதுப் பெயரில் விரல் வைத்தால் நாளையிலிருந்து வேலை, இல்லாவிட்டால் கேட்டுக்கு வரவேண்டாம் என்று. உன் அப்பா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ என்ன செய்வீன்னு எனக்குத் தெரியும். மூட்ட தூக்கறவனுக்கு இதுக்கு மேல எறங்கறதுக்கு எடமில்ல, போ" என்றார்.

நீ ஒரு நாள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரலாம். ஐந்தாம் வகுப்போடு நிற்க உன்னை நான் விடமாட்டேன். அப்போது ஒரு சட்டம் உன் கைக்கு வந்தால், இதை மதித்தால் யார் கையிலிருந்து போகிறது, மீறினால் யார் கையிலிருந்து போகிறது என்று பார். ஜனங்கள் மதிக்கவில்லை என்று திட்டும் முன்னால் அதை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பார். கதவைச் சாத்திவிட்டுப் பார்.

இது மறுநாள் சாயங்காலம் எழுதுவது. விசிலுக்கு முன்னமே போய்விட்டேன். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கருப்பாத்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். டைம்கீப்பர் பதிவேட்டைத் திருப்பி, எழுதி வைத்திருந்த புதுப் பெயரைக் காட்டி, மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு, அவர் மைக்கூட்டில் இருந்த பேனாவை எடுத்தேன். அந்தப் பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேலே என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு, பேனாவை மேஜையில் வைக்காமல் பின்னால் நீட்டினேன்.